லங்கர் கமாண்டரின் குக்ரிகள்

வாங்க தம்பி, வாங்க. செருப்பை வெளியில விடாதீங்க, கையோட உள்ளே கொண்டாந்துருங்க. இந்தத் தெரு நாய்க்கு ஒத்தைச் செருப்பு மேல அப்படியொரு ஆசை. ஜோடியா எடுத்துட்டுப் போனாலாவது அதுக்கு ஏதோ விசேஷம் போலன்னு விட்டுறலாம். ஒத்தையாத்தான் எடுக்கும். மியூசியத்திலிருந்து வந்த ஆளை ஒரு கால் செருப்போட திருப்பி அனுப்பிட்டேன்னு என் சம்பந்தி நாளைக்கே ஊரெல்லாம் பேசுவாரு.

உட்காருங்க. காலையிலேயே மங்கை, அதான் என் வீட்டுக்காரி, சொல்லிட்டா. "இன்னிக்கு ஒரு ஆள் வருது. செவுத்துல இருக்கிற கத்தி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகும். சட்டையை மாட்டிக்கிட்டு உட்காருங்க"ன்னா. "மியூசியத்திலிருந்தா?"ன்னு கேட்டேன். "ம்"னா. நாப்பது வருஷக் குடித்தனம் தம்பி. அவ "ம்"னு சொன்னா ஆமான்னுதான் அர்த்தம். நானே போன மாசம் மியூசியத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வந்திருந்தேன். கேட்டுல நின்ன அதிகாரி, "பார்க்கலாம் பெரியவரே, வெயில்ல நிக்காதீங்க"ன்னாரு. பார்க்கலாம்னு சொன்னவங்க பார்க்க வந்துட்டீங்க பாருங்க! சர்க்காரை யாரும் குறை சொல்லக்கூடாது.

சட்டையில என்னது, மூணு அம்பு ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டுச் சுத்துது? பச்சையா? ஓ, மியூசியத்து முத்திரை. சொல்லாதீங்க, சொல்லாதீங்க, புரிஞ்சுபோச்சு. புதுசு பழசாகும், பழசு மறுபடி புதுசாகும். யாரோ படிச்சவன் யோசிச்சுப் போட்டிருக்கான். வாசல்ல நிக்கிற வண்டியில பழைய வாஷிங் மெஷின் ஒண்ணு மல்லாந்து கிடக்குதே, அதுவும் உங்களுதா? சரிதான். அதெல்லாம் பழம்பொருளாயிருச்சுன்னா நான் எந்த யுகமோ!

இருங்க, இருங்க. என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. நேரமாகுது, அடுத்த வீடு இருக்கு. இருக்கட்டும் தம்பி. பொருளை மட்டும் அள்ளிக்கிட்டுப் போய் என்ன செய்வீங்க? கதையில்லாத கத்தி வெறும் இரும்பு. காப்பி வரும். மங்கை! தம்பிக்குக் காப்பி!

பாத்திரம் உருளுற சத்தம் கேக்குதுல்ல? சம்மதம்னு அர்த்தம்.

இந்தச் செவுரைப் பாருங்க. மத்த வீட்டுல இந்த இடத்துல டிவி இருக்கும். இங்கே குக்ரி. கூர்க்காப் பட்டாளத்துக்காரங்க இடுப்புல தொங்குமே, நடு முதுகுல மடங்கி மூக்கை முன்னால நீட்டிக்கிட்டு நிக்கிற கத்தி, அதுதான். அது எப்படி மடங்குச்சுன்னு தெரியுமா? உங்க மியூசியத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இது என் சொந்த ஆராய்ச்சி. குக்ரிங்கிறது நம்ம அரிவாள்தான் தம்பி. நம்மாளு ஒருத்தன் அரிவாளைத் தோள்ல போட்டுக்கிட்டு வடக்கே நடந்தான். நடந்தான், நடந்தான், இமயமலை வந்துருச்சு. அந்தக் குளிர்ல அரிவாளுக்கு முதுகு கூனிப்போச்சு. கூனினது கூனினதுதான், நிமிரவேயில்லை. ஆதாரம் வேணுமா? அதோ, கதவுக்கு மேல கறுப்பா இருக்கே, அதைத் திருப்பிப் பாருங்க. பிடிக்குப் பக்கத்துல "பா.மு."ன்னு தமிழ்ல வெட்டியிருக்கும். நேபாளத்துல கிடைச்ச குக்ரி, அதுல தமிழ் எழுத்து! இதைச் சொன்னா என் சம்பந்தி, "இது நம்ம கொல்லம்பட்டறை பால்முருகன் அடிச்ச தென்னமட்டை வெட்டுற அரிவாள், போன வருஷம் நீங்க சொல்லித்தான் வளைச்சுக் கொடுத்தான்"ங்கிறாரு. பொறாமைக்கு மருந்து ஏது தம்பி.

நான் பட்டாளத்துல இருந்தவன். வாசல்ல பலகை பார்த்திருப்பீங்களே, "லங்கர் கமாண்டர் சேவுகமூர்த்தி, ஓய்வு"ன்னு. லங்கர்னா என்னன்னு கேக்காதீங்க, கமாண்டர்ங்கிறதை மட்டும் பாருங்க. சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். லங்கர்னா பட்டாளத்துச் சமையல்கட்டு. அடுப்பு, அண்டா, ரொட்டி, பருப்பு எல்லாம் நம்ம ஆணையில. எதிரி முன்னால நின்னு சுடுவான், ஓடிப்போயிரலாம். பசிச்சவன் முன்னால தட்டோட நிப்பான், எங்கே ஓடுறது? எது பெரிய போர்முனைன்னு நீங்களே சொல்லுங்க.

அங்கே எனக்கு ஒரு கூட்டாளி, தீர்த்த பகதூர்னு நேபாளத்துக்காரன். குக்ரியைப் பத்தி எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தது. ஒரு குளிர்காலம், எல்லையில இருந்தோம். எவ்வளவு குளிருன்னா, அடுப்புல இருந்து கிளம்பின புகை பாதி வழியில உறைஞ்சு தூணா நின்னுபோச்சு. நாங்க என்ன செஞ்சோம், தீர்த்த பகதூர் குக்ரியை உருவி அந்தப் புகைத்தூணை முழம் முழமா வெட்டினான். நான் அடுக்கி வச்சேன். மறுநாள் விறகு தீர்ந்துபோச்சு, அந்தப் புகையை வச்சுத்தான் பட்டாளத்துக்கே டீ போட்டேன். சிரிக்காதீங்க. டீயில லேசாப் புகைவாடை அடிக்குதுன்னு மேஜரே சொன்னாரு, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அந்தக் குக்ரிதான் இது. நடுவுல, தோலுறையோட, மாலை போட்டு வச்சிருக்கேனே. உயிர் போற நேரத்துல என் கையைப் பிடிச்சு, "சேவுக் பாய், இது உனக்கு"ன்னு கொடுத்துட்டுக் கண்ணை மூடினான். நல்ல மனுசன். போன தசராவுக்குக்கூட போன் பண்ணி, "கத்தி எப்படியிருக்கு?"ன்னு விசாரிச்சான்.

என்ன முழிக்கிறீங்க? காப்பி வந்துருச்சு, எடுத்துக்குங்க. மங்கை, சீனி கம்மியாப் போட்டியா? என்னடி தம்பியையே பார்க்கிற? சீக்கிரம்னு கண்ணைக் காட்டுறா பாருங்க. அவளுக்கு எப்பவும் அவசரம்.

குக்ரியை ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. பளபளப்பைப் பார்க்கக்கூடாது. பளபளப்பு எவர்சில்வர் டம்ளர்லயும் இருக்கு. கத்தியை ஒரு விரல்ல படுக்கப்போட்டு நிறுத்தணும், எங்கே நிக்குதுன்னு பார்க்கணும். முதுகுல கட்டைவிரலை ஓட்டணும். நகத்தால ஒரு சுண்டு சுண்டினா கோயில் மணி மாதிரிக் கேக்கணும், தகர டப்பா மாதிரிக் கேக்கக்கூடாது. நல்ல குக்ரியெல்லாம் லாரி ஸ்பிரிங் பட்டையில அடிக்கிறது. அடிப்பக்கம் பிடிக்கு மேல சின்னதா ஒரு வெட்டு இருக்கும் பாருங்க, பல்லு விழுந்த மாதிரி. எதுக்குன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். ரத்தம் கைக்கு வழியாம சொட்டுறதுக்குன்னு ஒருத்தன், பசுவோட குளம்புன்னு ஒருத்தன். தீர்த்த பகதூர்கிட்ட கேட்டேன். "எங்கப்பா கத்தியில இருந்துச்சு, என் கத்தியிலயும் இருக்கு"ன்னான். இதைவிட நல்ல பதில் நான் எங்கேயும் கேட்டதில்லை.

ஜாதியும் இருக்கு. இலை மாதிரி ஒல்லியா நீண்டிருந்தா சிறுபாத்தே. வயிறு பெருத்திருந்தா போஜ்புரே. இது தெரிஞ்ச நாள்லேர்ந்து மனுசங்களைக்கூட நான் அப்படித்தான் பார்க்கிறேன். எங்க தெரு வாத்தியார் சிறுபாத்தே. என் மகள் வாசுகியும் சிறுபாத்தேதான், ஒல்லி, ஆனா வார்த்தை பட்டா ஆழமா இறங்கும். என் சம்பந்தி கோதண்டபாணி சுத்தமான போஜ்புரே. எடையெல்லாம் வயித்துல. கூர் மட்டும் இல்லை.

அவரைப் பத்திச் சொல்லாம இந்தக் கதை நகராது. டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ஓய்வு. அடுத்த தெருவுலதான் வீடு. சம்பந்தம் பண்ணின புதுசுல என் செவுத்தைப் பார்த்துட்டு வாயைப் பொளந்து நிப்பாரு. "சம்பந்தி, இதையெல்லாம் தொட்டுப் பார்க்கலாமா?"ன்னு பயபக்தியா கேப்பாரு. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. போன சித்திரையில, நேபாளத்துல முக்திநாத் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற டூர்க்காரங்க வந்து கெடுத்தாங்க. பஸ்ஸு, பிளேனு, வேளாவேளைக்கு நம்ம ஊர்ச் சாப்பாடுன்னு கூட்டிட்டுப் போனாங்க. போன மனுசன் அந்தக் கோயில் நூத்தெட்டு தண்ணித் தாரையிலயும் தலையைக் காட்டினோமா, புண்ணியத்தோட வந்தோமான்னு இருக்கணும்ல? ருத்ராட்சம், சாளக்கிராமம், கூடவே கண்ணாடிப் பெட்டியில ஒரு குக்ரியையும் வாங்கிட்டு வந்துட்டாரு. பளபளன்னு இருக்கு. பிடியில சிங்கத்தலை. உறையில சிவப்பு வெல்வெட். பெட்டிக்குள்ள ஒரு லைட்டு வேற!

ஒரு வாரம், சொந்தக்காரங்க எல்லாம் அங்கேதான். பிரசாதம் வாங்கப் போறோம்னு போறது, கத்தியைப் பார்த்துட்டு வர்றது. என் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, உங்க கத்தியெல்லாம் ஏன் துருப்பிடிச்சிருக்கு?"ன்னு கேக்கிறாங்க. துருவா அது? வயசு தம்பி, வயசு. என் பல்லுகூடத்தான் மஞ்சளா இருக்கு.

சம்பந்தி என்ன சொன்னாரு தெரியுமா? "நம்மளுது அசல், சம்பந்தி. நேபாளத்துலயே வாங்கினது. உங்களுதுல ஒண்ணுல பின்னாடி கோடு கோடா விலைச்சீட்டு ஒட்டியிருக்கே?"ன்னாரு. நாலு பேர் முன்னாடி! அது விலைச்சீட்டா? படைப்பிரிவோட ரகசியக் குறி. கோட்டுக்குக் கீழே இருக்கிற நம்பர் அந்தச் சிப்பாயோட நம்பர். விவரம் தெரியாத மனுசன்கிட்ட ராணுவ ரகசியத்தை எப்படிச் சொல்றது?

சரி, நடுவர் வச்சுக்கலாம்னு முடிவாச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நூடுல்ஸ் வண்டி போட்டிருக்கான் திலக் தமாங்னு ஒரு பையன், நேபாளி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு குக்ரியைத் துண்டுல சுத்திக்கிட்டு அவன் வண்டி முன்னால போய் நின்னோம். சாப்பிட்டுக்கிட்டிருந்த ரெண்டு பேர் தட்டை வச்சுட்டு ஓடிட்டாங்க.

"ஏம்ப்பா திலக், நீ நேபாளி. இதுல எது அசல், எது டூப்பு, நீயே சொல்லு"ன்னேன்.

"என்னண்ணே நீங்க! நான் பொறந்தது கொடைக்கானல்ணே. எங்கப்பா அங்கே ஓட்டல்ல வாட்ச்மேன். நேபாளத்துப் பக்கம் நான் தலைவச்சுப் படுத்ததில்லைண்ணே."

"இருந்தாலும் ரத்தத்துல இருக்கும்ல?"ன்னாரு சம்பந்தி.

"ரத்தத்துல ஓ பாசிட்டிவ்தாண்ணே இருக்கு. போன வாரம்தான் கொடுத்தேன்."

விடுவோமா? கையில கொடுத்தோம். பிடிச்சாத் தானா வெளிவரும்னு ஒரு நம்பிக்கை. திலக் முதல்ல சம்பந்தியோட கத்தியை எடுத்து முட்டைக்கோஸ் மேல வச்சு ரெண்டு அமுக்கு அமுக்கினான். கோஸ் உருண்டு சாக்கடையில விழுந்துச்சு. "இந்த வளைவு பலகையில இடிக்குதுண்ணே, வேலைக்கு ஆகாது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டான். என்னுதை வாங்கி உருவப் பார்த்தான். "இது ஒட்டிக்கிச்சு போலயே?"ன்னான். "ஒட்டலைடா, இது ரத்தம் பார்க்காம உறைக்குள்ள திரும்பிப் போகாத கத்தி. அதனால உருவுறதே இல்லை"ன்னேன். "அப்ப எதுக்குண்ணே வச்சிருக்கீங்க?"ன்னான். வெளியூர்ல வளர்ந்தா இப்படித்தான், சொந்தப் பாரம்பரியமே தெரியாமப் போயிரும். கோஸுக்குக் காசு கேட்டான். அதையும் சம்பந்திதான் கொடுத்தாரு, நான் சொல்லலைன்னு இருக்கக்கூடாது.

அதோட முடிஞ்சிருக்கணும். முடியலை. ஆவணியில பேத்திக்குக் காதுகுத்து. மகிழினின்னு பேரு. வயசு ரெண்டு. என்னை "தாத்தா"ன்னு சொல்லாது, "கமாண்டு, கமாண்டு"ன்னு சொல்லும். நான் சொல்லிக்கொடுத்தது. வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே நேரா என் மடிக்குத்தான் வரும். சம்பந்தி ரப்பர் பந்து, பொம்மை, சாக்லேட்டு எல்லாம் கையில வச்சுக்கிட்டு நிப்பாரு. ம்ஹூம். கமாண்டுதான்.

குலசாமி கோயில்ல ஆலமரத்தடியில பாய் விரிச்சு, தாய்மாமன், அதான் என் மகன், மடியில பிள்ளையை வச்சு உட்கார்ந்திருக்கான். ஒரு பக்கம் அண்டாவுல பிரியாணி கொதிக்குது. தட்டான் ஒரு காதைக் குத்தித் தோட்டை மாட்டியாச்சு. பிள்ளை வீல்னு அழுது, முட்டாயைக் கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கிட்டிருக்காங்க. அந்தச் சந்துல சம்பந்தி பெட்டியைத் திறந்தாரு. கோயிலுக்கு எதுக்கய்யா பெட்டி? "நேபாளத்துல ஒரே வெட்டு. எருமைத் தலைன்னாலும் ஒரே வெட்டு. நம்ம கத்தி பூசணிக்காயை எப்படிப் பொளக்குதுன்னு பாருங்க"ன்னு எல்லாரையும் கூப்பிட்டாரு.

வெண்பூசணி ஒண்ணை வச்சாங்க. சம்பந்தி வேட்டியை மடிச்சுக் கட்டி, முக்திநாதான்னு ஒரு சத்தம் போட்டு, ஓங்கினாரு பாருங்க. ஓங்கின வேகத்துல கத்தி கிளம்பிருச்சு. பிடி மட்டும் கையில. கத்தி ஆலமரத்து மேல போச்சு. ரெண்டு காக்கா மரியாதையா ஒதுங்கி வழிவிட்டுச்சு. அப்படியே ஒரு சுத்து சுத்தி வந்து பிரியாணி அண்டா மூடி மேல டங்குன்னு விழுந்துச்சு. தகரச் சத்தம்! நான் அப்பவே சொன்னேன், சுண்டிப் பார்த்து வாங்கணும்னு. மனுசன் சிங்கத்தலைப் பிடியை வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டு, மேடையில மைக்கு வேலை செய்யாத பேச்சாளர் மாதிரி நிக்கிறாரு.

சிரிக்காம இருக்க முடியுமா? எல்லாரும் சிரிச்சாங்க. நான் கொஞ்சம் கூடுதலாச் சிரிச்சுட்டேன்.

"சிரிப்பு இருக்கட்டும் சம்பந்தி, உங்களுதை உருவுங்க பார்ப்போம்"னாரு.

"அது ரத்தம் கேக்கும்."

"கேக்கட்டும். முதல்ல அது இருக்கான்னே பார்த்துருவோம். முப்பது வருஷமா உறையைத்தான் கும்பிடுறீங்க."

மங்கை என் பின்னாலயே நின்னா. "வேண்டாங்க. பிள்ளைக்கு இன்னொரு காது பாக்கியிருக்கு. முடியட்டும்"னா. வாசுகியும் சொன்னா, "அப்பா, இப்ப வேண்டாம்ப்பா"ன்னு. சொல்லியும் கேக்காத ஆளா நான்? கேக்கிற ஆள்தான். ஆனா சவால்னு வந்துட்டா பட்டாளத்தான் பின்வாங்கினதா வரலாறு இல்லை.

உருவுறதுக்கு முன்னால எல்லாருக்கும் விளக்கினேன். இது ரொம்ப முக்கியம், நீங்களும் கேட்டுக்குங்க. உறையைப் பிடிக்கிறதுலதான் சூட்சுமமே இருக்கு. கத்தியோட கூர்ப்பக்கம் உறையில தையல் ஓடும். அந்தப் பக்கம் விரலை மடக்கிப் பிடிக்கவே கூடாது. பிடிச்சு இழுத்தா கத்தி தையலைப் பொளந்து விரலையும் பொளந்துரும். முதுகுப்பக்கமாத்தான் பிடிக்கணும். உலகத்துல குக்ரியால வெட்டுப்பட்டவங்கள்ல பாதிப்பேரு எதிரி கிடையாது, உருவத் தெரியாம உருவினவன்தான். இதை இந்த ஜில்லாவுலயே எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

சொல்லிட்டு இழுத்தேன். வரலை. சம்பந்தி உறையைப் பிடிச்சுக்கிட்டாரு, நான் பிடியைப் பிடிச்சேன். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கல்யாணத்துல மாலை மாத்தும்போதுகூட ரெண்டு குடும்பமும் அவ்வளவு ஒத்துமையா இழுத்ததில்லை. வரலை. விடுங்க சம்பந்தின்னு நானே உறையை வாங்கி, இடது கையால இறுக்கிப் பிடிச்சு, ஒரே வெட்டு... மன்னிக்கணும், ஒரே இழுப்பு. ஒரு விரற்கடை நகர்ந்துச்சு. நகர்ந்தது மட்டும்தான் தெரியும். அப்புறம் வேட்டியெல்லாம் ரத்தம்.

இந்த மூணு விரல்லயும் தழும்பு தெரியுதா? தையல் போட்டாங்க. எந்தப் பக்கம் பிடிச்சேன்னு கேக்காதீங்க. டாக்டரும் அதைத்தான் கேட்டாரு. சம்பந்தி முன்னாடி பிடிச்ச இடம் வேர்வையில வழுக்குச்சு, என் கை தானா கூர்ப்பக்கம் போயிருச்சு. தப்பு யாரு மேலன்னு உங்களுக்கே புரியும். ஆனா ஒண்ணு சொல்றேன். உறையை விட்டு வெளியில வர்றதுக்கு முன்னாடியே ரத்தம் பார்த்த குக்ரி உலகத்துலயே இது ஒண்ணுதான். இதை உங்க மியூசியத்துல பலகை எழுதும்போது சேர்த்துக்குங்க.

பிள்ளை ரத்தத்தைப் பார்த்துருச்சு. அப்படியொரு அலறல். "கமாண்டு, கமாண்டு"ன்னு என் கையைக் காட்டிக் காட்டி அழுதுச்சு. அதுக்கப்புறம் தட்டான் பக்கத்துல போனாப் போதும், ரெண்டு கையாலயும் மிச்சக் காதைப் பொத்திக்கும். நாலு பேர் பிடிச்சும் முடியலை. ஒத்தைத் தோட்டோட வீட்டுக்கு வந்தோம். இன்னிக்கு வரைக்கும் ஒரு காது பாக்கி.

வாசுகி ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு ஒரே வார்த்தைதான் சொன்னா. "அப்பா, அந்தக் கத்தியில ஒண்ணு செவுத்துல இருந்தாலும் சரி, என் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்த வாசலை மிதிக்க மாட்டேன்." சிறுபாத்தேன்னு சொன்னேனா இல்லையா? தை பிறந்துருச்சு. அடுத்த தெருவுலதான் இருக்காங்க. பிள்ளை இந்தப் பக்கமா வண்டியில போகும்போது "கமாண்டு"ன்னு கத்தும், கேக்கும். நான் வாசலுக்குப் போறதுக்குள்ள வண்டி திரும்பிரும். முழங்கால் ரெண்டும் பழைய மாதிரி இல்லை பாருங்க.

நானாவது கலங்குறதாவது! மங்கைதான் கலங்குறா. ராத்திரி சாப்பாடு போடும்போது மூணு தட்டு வைக்கிறா. ஒண்ணு சின்னத்தட்டு. அப்புறம் அதைத் திருப்பி எடுத்து வைக்கிறா. நான் பார்க்காத மாதிரி இருப்பேன். கமாண்டர்னா அதெல்லாம் பார்க்கக்கூடாது.

அதனாலதான் மியூசியம்னு யோசிச்சேன். தூக்கிப் போட்டா சம்பந்தி ஜெயிச்சதா ஆயிரும். மியூசியத்துல வச்சா? கண்ணாடிக்குள்ள, என் பேரோட. அவர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வரிசையில நின்னு பார்க்கணும். பிள்ளையும் வீட்டுக்கு வந்துரும், மானமும் தெருவுல நிக்காது. எப்படி?

சரி, ஆரம்பிக்கலாமா? என்ன அது கையில, கொக்கித் தராசு? எடை போட்டுத்தான் பதிவு பண்ணுவீங்களோ? நல்ல முறை. பிடிங்க, நான் எடுத்துத் தர்றேன். அய்யோ, எல்லாத்தையும் ஒண்ணாச் சாக்குல போடுறீங்க! தனித்தனியா வேண்டாமா? மொத்தமா எடை போடுறதுதான் உங்க வழக்கமா? சரி, உங்க ஆபீஸ் நடைமுறை. தமிழெழுத்து இருக்கிறதை மட்டும் மேலாக வைங்க. பா.மு.

இதை நானே எடுத்துத் தர்றேன். தீர்த்த பகதூரோடது. மாலையைக் கழட்டிக்கிறேன். பார்த்துப் பிடிங்க, முதுகுப்பக்கம்...

உருவிட்டீங்களா! அட, இப்படி வாழைப்பழத்துத் தோலை உரிச்ச மாதிரி! அன்னிக்கு நான் லூசாக்கி வச்சதுதான், சந்தேகமேயில்லை.

பாதிதான் இருக்கு.

என்ன பார்க்கிறீங்க? பாதிதான் இருக்கும். மீதிப் பாதி எல்லையில ஒரு எதிரியோட... இல்லை, அது ரகசியம். ஆட்டுக்கால் எலும்பு வெட்டும்போது உடைஞ்சதுன்னு லங்கர்ல இருந்த எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஆனா உருவியாச்சே தம்பி, இனி ரத்தம் பார்க்காம உள்ளே போடக்கூடாது. இருங்க. ஆங், உங்க முழங்கையில ஒரு கொசு. அசையாதீங்க. பட்டுன்னு... அடிச்சாச்சு. அதைக் கத்தியில ஒரு தேய்ப்பு தேய்ச்சு உள்ளே தள்ளுங்க. உங்க ரத்தமோ என் ரத்தமோ, ஏதோ ஒண்ணு. தீர்த்த பகதூர் கோவிச்சுக்க மாட்டான்.

இதையும் சேர்த்து எடை போட்டாச்சா? அவ்வளவுதானா? செவுரு எவ்வளவு பெரிசா இருக்கு பாருங்களேன். ஆணி மட்டும் நிக்குது.

இது என்ன பொட்டலம்? எனக்கா? கம்பெனி அன்பளிப்பா? பொன்னாடை போடுவீங்கன்னு சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், சரி, காலம் மாறிப்போச்சு. பிரிச்சுப் பார்க்கலாம்ல?

பேரீச்சம்பழம்.

மங்கை.

ஏ மங்கை.

ஒண்ணுமில்லை. நீ வேலையைப் பாரு.

தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்க. நான் சின்னப் பயலா இருந்தப்ப எங்க தெருவுல ஒருத்தர் தள்ளுவண்டியில வருவாரு. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்னு ராகம் போட்டுக் கூவுவாரு. நல்ல வாளியைக் கல்லால குத்தி ஓட்டையாக்கி எடுத்துட்டு ஓடியிருக்கேன். இந்தப் பழம் எதுக்குக் கொடுப்பாங்கன்னு எனக்கா தெரியாது? உங்க மூணு அம்பும் வாஷிங் மெஷினும் இப்பத்தான் சரியாத் தெரியுது.

மெதுவாப் பேசுங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். நாப்பது வருஷத்துல அவ ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கா. அதையும் வாயைத் திறக்காமச் சொல்லியிருக்கா. நான் சொன்னதுக்கெல்லாம் கணக்குப் பார்த்தா, அவளுக்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கு.

சாக்கைக் கட்டுங்க. இறுக்கிக் கட்டுங்க. போகும்போது அடுத்த தெரு வழியாப் போங்க. போஜ்புரே ஒருத்தர் வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பாரு. என்ன வண்டின்னு கேட்டா மியூசியம்னு சொல்லுங்க. உள்ளே கண்ணாடிப் பெட்டியில லைட்டுப் போட்டு ஒரு பிடி இருக்கும், அதையும் கேட்டுப் பாருங்க. அதுக்கு ஒரு பொட்டலமெல்லாம் கொடுத்துறாதீங்க, ஒரு பழம் போதும்.

மங்கை! வாசுகிக்குப் போன் போடு. செவுரு காலின்னு சொல்லு. தட்டானுக்கும் சொல்லிவிடு, பாக்கிக் காதை இங்கேயே, என் மடியிலயே வச்சுக் குத்திரலாம். பிள்ளைக்குத் தாத்தா பேரீச்சம்பழம் வச்சிருக்காருன்னு சொல்லு. மியூசியத்துல கொடுத்ததுன்னு சொல்லு.

"ம்."

கேட்டீங்களா? ஆமாங்கிறா.

என்ன தம்பி, மறுபடி எடை போடுறீங்க? குறையுதா? குறையும். குக்ரி உறைக்குள்ள சொருகி ஒரு சின்னக் கத்தி இருக்கும், விரல் நீளத்துல. நீங்க கொசு அடிபட்ட இடத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தப்ப அது தானா என் மடிக்கு வந்துருச்சு. வளர்த்த பாசம். பழத்துல கொட்டையை எடுக்காமப் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா, தொண்டையில சிக்கிராது? சத்தம் போடாதீங்க, அவ வர்றா. எடையில குறையுதுன்னுதானே கவலை? இந்தாங்க, ரெண்டு பழத்தைத் திருப்பி எடுத்துக்குங்க.